நான்கு விநாடி யானைமலை

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், ஒத்தக்கடை வருவதற்கு முன்பே கழுத்து தானாகத் திரும்பும். துதிக்கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு யானை படுத்திருக்கும். மரமில்லை, செடியில்லை, ஒரே பாறை. எத்தனை வருடம் பார்த்தாலும் மதுரைக்காரர்களுக்கு அலுக்காத மலை அது.

அந்த மலையிலிருந்து என் அக்கா மகன் குதிக்கப் போகிறான் என்று ஒரு ராத்திரி போன் வந்தது.

"தம்பி, இவன் என்னமோ பாராசூட்டு வாங்குறானாம். கூட்டாளிங்க நாலு பேரு சேர்ந்து ஐயாயிரம் அட்வான்ஸ் அனுப்பிட்டானுங்க. யானைமலையில ஏறி குதிச்சு வீடியோ போடப் போறானாம். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீ சொன்னாத்தான் கேப்பான். உனக்குத்தான் தெரியும்ல" என்றார் அக்கா.

அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு பழைய கணக்கு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மருமகனுக்கு வயது 20. பாலிடெக்னிக் முடித்தவன். 2025 ஜனவரியில் கீழக்கரை ஜல்லிக்கட்டு அரங்கத்துக்குப் பலூன் திருவிழா வந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செல்போனில் 'பேஸ் ஜம்பிங்' வீடியோக்கள் வரத் தொடங்கின. மலை முகட்டில் நின்று ஒருவர் கை விரித்துக் குதிப்பார். கொஞ்ச நேரம் கல்லைப்போல விழுவார். பட்டென்று குடை விரியும். கீழே புல்வெளியில் நடந்து வருவதுபோல இறங்குவார். பின்னணியில் ஒரு பாட்டு. மொத்தமே முப்பது விநாடி.

திட்டினால் அடுத்த நாளே போய்க் குதித்துவிடுகிற வயது. அதனால், "மாப்ள, ஞாயித்துக்கிழமை காலையில வா. நீ குதிக்கப் போற இடத்தை நானும் ஒரு தடவை பாக்குறேன்" என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

நரசிங்கத்தில் விடிந்தது

காலை ஆறு மணிக்கு முன்பே நரசிங்கம் வந்துவிட்டோம். மலையடிவாரத்தில் யோக நரசிம்மர் கோயில். பாறையைக் குடைந்து செய்த கருவறை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770 வாக்கில் குடைவித்தது என்று கல்வெட்டு சொல்கிறது. வேலை முடிவதற்குள் அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தார். அருகிலேயே முருகனுக்கு ஒரு குடைவரை இருக்கிறது. லாடன் கோயில் என்கிறார்கள்.

இந்த மலைக்கு ஒரு கதையும் உண்டு. மதுரையை அழிக்க ஏவிவிடப்பட்ட மாய யானையைச் சொக்கநாதர் அம்பெய்து வீழ்த்த, அது அப்படியே கல்லாகிவிட்டது என்கிறது திருவிளையாடல். சமணர்களுக்கோ இது தவம் செய்த மலை. மேலே குகைத்தளத்தில் அவர்கள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. நெற்றிப்பாறையில் தமிழி எழுத்து வெட்டியிருக்கிறது. சுமார் இரண்டாயிரம் வருடத்துப் பழசு. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துச் செதுக்கிய மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி சிற்பங்களும் உண்டு. சிலவற்றில் பழைய சுதையும் வண்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

2010இல் இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இந்தப் பாறையை அவர்கள் அப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கூட வந்தார். மலையில் பிறந்து வளர்ந்தவர். கற்படுக்கைகளைத் தாண்டி மேலே போக வேண்டும் என்றதும் எங்கள் செருப்பைப் பார்த்தார். என் மருமகன் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. "இதோட வராத தம்பி" என்றார். அவன் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். பாறை இன்னும் சுடத் தொடங்கவில்லை.

எனக்கு வலது கால் கொஞ்சம் இழுக்கும். நான் மெதுவாகத்தான் ஏறினேன். பெரியவர் அதையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "ஏறுறதுக்குக் கால் போதும். இறங்குறதுக்குத்தான் புத்தி வேணும்" என்று மட்டும் சொன்னார்.

பாறையின் வயிறு

மேலே போனால் மதுரை முழுக்கத் தெரிகிறது. தூரத்தில் மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்கள். ஒரு பக்கம் திருப்பரங்குன்றம், பசுமலை. மேற்கே நீளமாக நாகமலை. வடக்கே அழகர்மலை மங்கலாக. நடுவில் தென்னந்தோப்பும் வயலும் கண்மாயும், புதுசு புதுசாக முளைத்த பிளாட்டுகளும்.

விளிம்புக்குப் பத்தடி முன்னாலேயே பெரியவர் எங்களை நிறுத்திவிட்டார். "நின்னுக்கிட்டு எட்டிப் பாக்காதீங்க. படுத்துக்கிட்டுப் பாருங்க" என்றார். மூன்று பேரும் குப்புறப் படுத்துத் தலையை மட்டும் நீட்டினோம்.

அப்போதுதான் மருமகன் முதல் தடவையாக வாயை மூடினான்.

கீழேயிருந்து பார்க்கும்போது செங்குத்தாகத் தெரிகிற பாறை, மேலேயிருந்து பார்த்தால் செங்குத்து இல்லை. கீழே போகப் போக வயிறு தள்ளி முன்னால் வருகிறது. யானையின் விலா எப்படி இருக்குமோ அப்படி.

"மாப்ள, நீ பாத்த வீடியோவுல மலை எப்படி இருந்துச்சு?"

"உள்பக்கமா வெட்டி விட்ட மாதிரி இருந்துச்சு மாமா."

"இது?"

அவன் பதில் சொல்லவில்லை.

இந்த விளையாட்டின் பெயரிலேயே அது எங்கிருந்து என்பது இருக்கிறது. பில்டிங், ஆன்டெனா, ஸ்பேன், எர்த். கட்டடம், உயரமான ஆன்டெனா கோபுரம், பாலம், மலை. இந்த நான்கின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் 'பேஸ்'. விமானத்திலிருந்து குதிப்பவருக்குச் சுற்றிலும் காற்று மட்டும்தான். இவர்களுக்கோ முதுகுக்குப் பின்னாலேயே சுவர் இருக்கிறது. குடை விரியும்போது நேராக விரியாமல் திரும்பி விரிந்தால், குடையே ஆளைக் கொண்டுபோய்ப் பாறையில் மோதும். பேஸ் ஜம்பிங்கில் உயிர்போகும் பெரிய காரணங்களில் இது ஒன்று. அதனால்தான் தெரிந்தவர்கள் உள்வாங்கிய முகடுகளைத் தேடிப் போகிறார்கள். வயிறு தள்ளிய பாறையிலிருந்து குதித்தால், குடை திரும்பக்கூட வேண்டாம், பாறையே எதிரில் வந்துவிடும்.

ஒரு சின்ன கணக்கு

"செல்லுல ஸ்டாப்வாட்ச் எடு" என்றேன்.

கல்லைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். அந்தக் காலத்தில் இந்த விளையாட்டுக்காரர்களும் அப்படித்தான் உயரம் பார்த்தார்கள். கல்லை விட்டு, சத்தம் கேட்கும்வரை எண்ணுவார்கள். இப்போது லேசர் கருவியால் அளக்கிறார்கள். ஆனால் யானைமலைக்குக் கீழே ஆடும் ஆளும் இருப்பார்கள். கல் போடவில்லை. மனக்கணக்கே போதும்.

விழுகிற நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, மறுபடி 16ஆல் பெருக்கினால் எத்தனை அடி விழுந்தோம் என்பது தெரியும். முதல் விநாடி முடியும்போது 16 அடி. இரண்டாவது விநாடியில் 64. மூன்றாவதில் 144. நான்காவதில் 256.

1906இல் வெளிவந்த பழைய மதுரை மாவட்ட கெஜட்டியர், யானைமலையின் உயரத்தைத் தோராயமாக 250 அடி என்று குறிக்கிறது. அதாவது இந்த மலை நான்கு விநாடி. மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. அது மூன்றேகால் விநாடி.

"ஸ்டாப்வாட்ச்ச ஓட்டு. நாலு விநாடிக்குள்ள என்னென்ன செய்யணும்னு சொல்லு பாப்போம்."

ஓட்டினான். "குதிக்கிறேன்... கையைப் பின்னால கொண்டுபோயி அந்தச் சின்னக் குடைய..." போன் கீ கீ என்றது. நான்கு விநாடி முடிந்திருந்தது. வாக்கியம் முடியவில்லை.

மறுபடி ஓட்டினான். மூன்றாவது தடவையும் ஓட்டினான். அதன் பிறகு போனைப் பையில் போட்டுவிட்டான்.

நான்காவது விநாடியின் முடிவில் விழுகிற வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். பைபாஸ் ரோட்டில் கார் அந்த வேகத்தில் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவார்கள்.

குடை என்பது ஒரே குடை இல்லை

"என்ன பாராசூட் வாங்குறீங்க?" என்று கேட்டேன். போட்டோ காட்டினான். நீளமாக, வாழையிலையைப்போல வளைந்த துணி. அது பாராசூட்டே இல்லை. பாராகிளைடர்.

இந்த வித்தியாசம் தெரியாமல் பல பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பாராகிளைடரைத் தரையில் முதலில் விரித்து, காற்றை நிரப்பித் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தி, பிறகுதான் சரிவில் ஓடிக் கிளம்புவார்கள். விழும்போது பையிலிருந்து விரிவதற்காக அது செய்யப்படவில்லை. அதை மூட்டை கட்டி முதுகில் போட்டுக் குதித்தால், நான்கு விநாடியில் அது மூட்டையாகவேதான் கீழே வரும்.

விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங் பாராசூட் வேறு. பத்தாயிரம் அடிக்கு மேலேயிருந்து குதிக்கிறார்கள். முக்கால் நிமிடம் விழ நேரமிருக்கிறது. முதுகுப் பையில் இரண்டு குடைகள். ஒன்று விரியாவிட்டால் வெட்டி விட்டு இரண்டாவதை இழுக்கலாம். ஆள் மயங்கிப்போனால்கூட, குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வேகமாக விழுவதைப் பார்த்து இரண்டாவது குடையைத் தானே திறந்துவிடும் கருவி இருக்கிறது.

பேஸ் ஜம்பிங் குடையோ ஒன்றே ஒன்று. இரண்டாவதைப் பயன்படுத்த நேரமே இல்லாததால்தான் இரண்டாவது இல்லை. சீக்கிரமாகவும் நேராகவும் விரிய வேண்டும் என்பதற்காகவே தனியாகத் தைக்கப்படுகிறது. அதை இழுத்து வெளியே கொண்டுவரும் 'பைலட் சூட்' என்கிற சின்னக் குடைக்கும் அளவு உண்டு. உயரம் குறையக் குறையப் பெரிய அளவு வேண்டும். இன்று குதிக்கும் இடத்துக்கு எது என்று பார்த்து மாட்ட வேண்டும். மடிப்பதும் அவரவர் கையாலேயே. ஒரு குடையை ஒழுங்காக மடிக்கப் பழகியவர்கூட அவசரமில்லாமல் நிதானமாக உட்கார்ந்துதான் மடிப்பார். இதோடு ஹெல்மெட், முழங்கால் முழங்கை கவசம், கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பூட்ஸ்.

பழைய குடையை முகம் தெரியாத ஆளிடம் வாங்குவது இதில் மிக மோசமான காரியம். துணி எத்தனை நாள் வெயில் பட்டது, எத்தனை தடவை நனைந்தது, எந்த நூல் எங்கே தேய்ந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. விற்கிறவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

புதுமண்டபத்துத் தையல் மெஷின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு தையல்காரர் கதை சொல்ல வேண்டும். பெயர் ஃபிரான்ஸ் ரைகெல்ட். பாரிஸில் கடை வைத்திருந்தவர். உடுத்திக்கொள்ளும் உடையே குடையாக விரிய வேண்டும் என்று ஒரு கோட்டுத் தைத்தார். 1912 பிப்ரவரி 4ஆம் தேதி ஈபிள் கோபுரத்தின் முதல் தளத்தில் ஏறினார். 57 மீட்டர், சுமார் 187 அடி. நம் தெற்குக் கோபுரத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். பொம்மையைத்தான் போடப்போகிறார் என்று அதிகாரிகள் நினைத்திருந்தார்கள். அவரே குதித்தார். கோட்டு விரியவில்லை. கேமராக்காரர்கள் அதைப் படம் பிடித்தார்கள். நூறு வருடம் கழித்தும் அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"கேமரா அன்னைக்கும் இருந்துச்சு மாப்ள" என்றேன்.

ஆசை தப்பில்லை, வரிசை முக்கியம்

இதையெல்லாம் சொன்னது அவன் ஆசையைக் கொல்ல அல்ல. இந்த விளையாட்டை ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1978இல் கார்ல் போனிஷ் என்ற அமெரிக்கரும் அவர் கூட்டாளிகளும் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து குதித்ததைப் படமாக்கினார்கள். அதிலிருந்துதான் இன்றைய வடிவம் வளர்ந்தது. நம் இமயமலையிலேயே, கங்கோத்ரி பக்கம் உள்ள மேரு சிகரத்திலிருந்து, 6,604 மீட்டர் உயரத்தில், கிளென் சிங்கிள்மேன், ஹெதர் ஸ்வான் என்ற ஆஸ்திரேலியத் தம்பதி 2006இல் குதித்தார்கள். நம் தமிழ் மக்கள் நிறைய வாழும் கோலாலம்பூரில், 421 மீட்டர் உயரமுள்ள கே.எல். கோபுரத்திலிருந்து குதிக்கப் பல நாட்டு ஜம்பர்கள் அனுமதியோடு வந்து கூடும் நிகழ்ச்சியே நடக்கிறது. அர்ச்சனா சர்தானா என்ற இந்தியப் பெண்ணும் பேஸ் ஜம்பராகப் பெயரெடுத்தவர்.

ஆனால் அதே கார்ல் போனிஷ் 1984இல் நார்வேயில் ஒரு மலையிலிருந்து குதித்து இறந்தார். அனுபவசாலிகளுக்கே அப்படி. நார்வேயின் கியராக் மலையில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். 9 பேர் இறந்திருந்தார்கள். கிட்டத்தட்ட 2,300 குதிப்புக்கு ஒரு உயிர். பல்லாயிரம் பேர் போகும் நல்ல இடத்தில், நல்ல கருவியோடு, பயிற்சி பெற்றவர்கள் குதித்த கணக்கு இது.

அவர்கள் எந்த வரிசையில் கற்கிறார்கள் தெரியுமா?

முதலில் தரையில் விழக் கற்கிறார்கள். ஆக்ராவில் நம் விமானப்படை நடத்தும் பாராசூட் பயிற்சிப் பள்ளியிலும் சிப்பாய்களுக்கு முதலில் தரைப் பயிற்சிதான். காலைச் சேர்த்து வைத்து உருண்டு விழப் பழகாதவரை விமானம் கிடையாது.

அடுத்து ஸ்கைடைவிங். முதல் தடவை பயிற்சியாளரின் மார்போடு கட்டிக்கொண்டு குதிப்பது வெறும் சுற்றுலா, அது பயிற்சி ஆகாது. தனியாகக் குதிக்கும் பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி, குறைந்தது 200 தடவையாவது விமானத்திலிருந்து குதித்திருக்க வேண்டும் என்பது பேஸ் பயிற்சியாளர்கள் பொதுவாகக் கேட்கும் கணக்கு. அந்த 200இல், நினைத்த இடத்தில் குடையை இறக்கப் பழகியிருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் முதல் பேஸ் வகுப்பு. அதுவும் மலையில் இல்லை. பாலத்தில். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து பெர்ரின் பாலம் 486 அடி உயரம். கீழே ஆறு. பக்கவாட்டில் மோதச் சுவர் கிடையாது. குடை திரும்பி விரிந்தாலும் காற்றுதான் இருக்கும். அதனால் உலகம் முழுவதிலிருந்தும் அங்கே போய்க் கற்கிறார்கள். உடன் ஒரு குரு நிற்பார். காற்று சரியில்லை என்று அவர் சொன்னால் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து இறங்க வேண்டும். விமான டிக்கெட் செலவு, லீவு எதையும் பேச முடியாது.

நம் ஊரில் தொடங்க நினைக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. பாராகிளைடிங் கற்க இமாச்சலத்தில் பீர், புனே பக்கம் காம்ஷெட் போன்ற இடங்களில் பல நாள் பயிற்சி வகுப்புகள் உண்டு. ஸ்கைடைவிங்குக்கு ஹரியானாவின் நார்னோல். 2022இல் மத்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. பாராசூட் விளையாட்டுகளும் அதற்குள் வருகின்றன. சேருமுன் கேட்க வேண்டியவை நான்குதான்: பயிற்சியாளருக்கு என்ன உரிமம், கருவியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், இன்ஷூரன்ஸ் உண்டா, காற்று மோசமானால் பணம் திரும்பக் கிடைக்குமா. கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் பணம் திரும்பாத இடத்தில்தான் மோசமான காற்றிலும் பறக்கச் சொல்வார்கள்.

இது நமக்குப் புது விஷயமும் இல்லை. அலங்காநல்லூரில் வாடிவாசல் முன்னால் நிற்க வேண்டுமானால் முதலில் மருத்துவர் முன்னால் நிற்க வேண்டும். குடித்திருந்தால் வெளியே. திமிலை மட்டும்தான் பிடிக்கலாம். வீரம் உள்ள ஊர்தான் விதியும் வைத்திருக்கிறது. விதியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் பக்கத்திலேயே பார்த்தோம். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

என் கால்

வெயில் ஏறத் தொடங்கியது. பாறை சூடானதும் காற்று கீழேயிருந்து மேலே எழும்ப ஆரம்பித்தது. இரண்டு பருந்துகள் இறக்கையை அசைக்காமல் எங்கள் உயரத்துக்கு வந்து, எங்களைத் தாண்டி மேலே போயின. பார்க்க அழகு. ஆனால் குடையில் தொங்குகிறவனுக்கு அந்தக் காற்று எப்போது தூக்கும், எப்போது கைவிடும் என்று தெரியாது. பருந்துக்குத் தெரியும்.

"மாமா, உங்க காலு பைக்ல விழுந்ததுதான?" என்று திடீரென்று கேட்டான்.

வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அக்காவைத் தவிர.

எனக்கு அப்போது 17 வயது. மேலூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு. பொங்கல் சமயத்தில் தண்ணீர் மேல்படி வரை நிற்கும். மோட்டார் ரூம் மேலே ஏறிக் குதிப்போம். ஊரில் எல்லாரையும்விட நான்தான் நன்றாகக் குதிப்பேன் என்று பெயர். அந்தப் பெயர் ஒன்று போதும், ஆளைக் கெடுக்க. சித்திரைத் திருவிழா முடிந்து ஊருக்கு வந்த சொந்தக்காரப் பையன்கள் முன்னால் ஓடிவந்து குதித்தேன். தை மாதத் தண்ணீரை நினைத்துச் சித்திரை மாதத்தில் குதித்தேன். தண்ணீர் பத்துப் பதினைந்து அடி இறங்கியிருந்தது. தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பக்கப் படிக்கல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது குதிகால் அதில் பட்டது.

கயிற்றுக்கட்டிலைக் கிணற்றுக்குள் இறக்கி என்னைத் தூக்கியவர் அக்காதான், இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு. அப்பாவுக்குப் பயந்து, கூட்டாளி பைக்கில் போய் விழுந்துவிட்டேன் என்று அவரே சொல்லிவைத்தார். மூன்று மாதம் படுக்கை. எலும்பு சேர்ந்தது, சரியாகச் சேரவில்லை. போலீஸ் வேலைக்கு உடற்தகுதித் தேர்வு எழுதியிருந்தேன். அது போயிற்று.

"எனக்குத் தைரியம் இல்லாமப் போகல மாப்ள. நல்லாத்தான் குதிச்சேன். குதிக்கிறதுக்கு முன்னாடி இறங்கித் தண்ணியப் பாக்கல. அவ்வளவுதான்."

அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் எழுந்து, "கல்லு சுடுறதுக்குள்ள இறங்குவோம்" என்றார்.

இறங்கும்போது, வழுக்கும் இடங்களில் பாறையைப் பார்த்தபடி பின்பக்கமாகக் காலை வைக்கச் சொன்னார். மருமகன் எனக்கு முன்னால் இறங்கி, ஒவ்வொரு இடத்திலும் நின்று, என் வலது காலுக்குக் கை கொடுத்தான். ஏறும்போது அதைச் செய்யவில்லை.

யானைமலைக்குப் போகிறவர்களுக்கு

மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடைக்கு டவுன் பஸ்கள் நிறைய உண்டு. அங்கிருந்து நரசிங்கம் பக்கம்தான், ஆட்டோவில் போகலாம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். பிடிப்புள்ள ஷூ, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி வேண்டும். மழை பெய்த அன்றும் மறுநாளும் பாறையில் ஏற வேண்டாம். குடைவரையும் கற்படுக்கையும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். பெயர் எழுதாதீர்கள், தமிழி எழுத்தைத் தொட்டுத் தேய்க்காதீர்கள். குழந்தைகளோடு போனால் கற்படுக்கை வரை போதும். அதற்குமேல் உள்ளூர் ஆள் இல்லாமல் போகக் கூடாது. விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கக் கூடவே கூடாது.

கிணற்றடியில்

மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கே போய்விட்டோம். அக்கா எதையும் கேட்கவில்லை. அயிரை மீன் குழம்பை எனக்கு இரண்டு தடவை ஊற்றினார். அதுதான் அவருடைய கேள்வி. நான் தலையை ஆட்டினேன்.

மருமகன் கூட்டாளிகளுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "டேய், அது பாராசூட்டே இல்லடா. அட்வான்ஸு போனாப் போகட்டும், மிச்சத்தை அனுப்பாதீங்க." எதிர்முனையில் ஏதோ கேலி செய்திருக்க வேண்டும். "பயம்னே வச்சுக்க. நீ முதல்ல நாலு விநாடிக்குள்ள உன் பேரு, அப்பா பேரு, தெருப் பேரு சொல்லு பாப்போம்" என்றான்.

பிறகு என்னிடம் வந்து, காம்ஷெட்டில் வகுப்புக்கு எவ்வளவு ஆகும் மாமா என்று கேட்டான். விசாரிப்போம், பாதி நீ சம்பாதிச்சுக் கொண்டா, பாதி நான் போடுறேன் என்றேன். அக்கா அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனோம். அதே கிணறு. மோட்டார் ரூம் இப்போது புதுசு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் வழக்கம்போல மேலே ஏறப்போனான். பாதியில் நின்றான். திரும்பிவந்து, கிணற்றின் பக்கப் படிகளில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினான். தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை விட்டுத் துழாவினான்.

"மாமா, அந்தக் கல்லு இங்கதான் இருக்கு. தண்ணிக்குள்ள ஒரு முழம்."

"ஆமா" என்றேன்.

அவன் அங்கிருந்தே தண்ணீருக்குள் மெதுவாக இறங்கி நீந்தினான்.